தேடுசொல் காணும் கருவிகள்: கொள்வன எவை, தள்ளுவன எவை?

(கள்ளக்குறிச்சியில் தமிழார்வலரும் கைவினைஞரும் மாணவரும் கூடிய அவையில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



புலவன் இலக்கணம் பேசட்டும். கணினிப் பேச்சு அவனுக்கு எதற்கு என்று வினவுவார் உளர். இணையத்தில் ஒன்றைத் தேடப் புகுபவன் முதற்கண் இடுவது ஒரு சொல். தேடுபொறி அவனுக்குத் திருப்பித் தருவதும் சொற்களால் ஆகிய பக்கங்களே. இடையில் நிற்கும் பொறியும் சொல்லையே எண்ணிக்கொண்டிருக்கின்றது. சொல்லை எண்ணும் தொழிலைத் தமிழ் கற்றவன் அறியாது விட்டால், அயலான் எண்ணி, அவன் கணக்கை நமக்கே விற்பான், விற்றுக்கொண்டும் இருக்கின்றான்.

தேடுவோன் இடும் அச்சொல்லைச் சிலர் ‘திறவுச்சொல்’ என்று எழுதுகின்றனர். அது ‘கடவுச்சொல்’லோடு மயங்குகின்றது. ஆகலின் ‘தேடுசொல்’ என்றே நான் வழங்குவேன். தேடுபொறியில் நம் பக்கம் முன்னே தெரியுமாறு அதனைச் சீர்செய்தலைத் ‘தேடுபொறி உகப்பாக்கம்’ என்று எழுதுவார் எழுதுக; எனக்குத் ‘தேடற்சீரமைப்பு’ போதும்.

இப்பேச்சு இவ்வூரில் ஏன் வேண்டும்? நம் மாவட்டம் 2019 நவம்பர் 26-ஆம் நாள் விழுப்புரத்தினின்று பிரிந்து தனியே இயங்கத் தொடங்கியது. 2021-இல் கள்ளக்குறிச்சி மரச்செதுக்கு வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மேற்கே கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் புளியும் சாமையும் தினையும் இறங்குகின்றன. சின்னசேலத்தைச் சுற்றி மரவள்ளியும் சவ்வரிசி ஆலைகளும் உள்ளன. இவற்றுள் ஒன்றை வாங்க விரும்பும் ஒருவன், சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, கைப்பேசியை எடுத்து ஒரு சொல்லை இடுகின்றான். அவன் கண்ணில் முதலில் படுவது நம் தச்சனின் பக்கமா, தச்சனிடம் குறைந்த விலைக்கு வாங்கிப் பன்மடங்குக்கு விற்கும் இடைத்தரகனின் பக்கமா என்பது பெரும்பாலும் அச்சொல்லைப் பொறுத்தது. தச்சனின் கூலி இடையில் எங்கே கரைகின்றது என்று கேட்பவர் இதனையும் ஒருகால் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இளைஞர் சிலர் என்னிடம் வந்து, திங்களுக்கு நூறு அமெரிக்க தாலரை ஒட்டியும் மிஞ்சியும் விலை கேட்கும் தேடுசொற் கருவிகளை வாங்குமாறு தமக்கு அறிவுரை கூறப்படுவதாகவும், வாங்கலாமா என்றும் வினவினர். அவர்க்கு நான் கூறிய விடையின் விரிவே இவ்வுரை.

கருவி என்ன செய்கின்றது? ஒரு சொல்லை அதனுள் இட்டால், அச்சொல் ஒரு திங்களில் ஏறத்தாழ எத்தனை முறை தேடப்பட்டது, அதனை ஒட்டி வேறு எச்சொற்கள் தேடப்பட்டன, அச்சொல்லுக்கு முன்னே வந்து நிற்கும் பக்கங்கள் எவை என்று காட்டுகின்றது. உண்மையான எண்ணிக்கை தேடுபொறியை நடத்துவோரிடமே உள்ளது. ஏரெப்சு, செம்ரசு போன்ற விலைக்கருவிகள் பல வழிகளில் திரட்டிய தரவைக்கொண்டு மதிப்பிட்டுச் சொல்கின்றன. ஆங்கிலத்தில் கோடிக்கணக்கான தேடல்கள் நிகழ்கின்றன. அங்கே அம்மதிப்பீட்டால் ஓரளவு பயனுண்டு. தமிழில், அதிலும் ஒரு மலையின் விளைபொருளைப் பற்றித் திங்களுக்கு முப்பது பேரோ ஐம்பது பேரோ இடும் சொல்லில், அக்கருவி ‘சுழியம்’ என்று காட்டிவிடக்கூடும். அச்சுழியத்தைக் கண்டு, இச்சொல்லை ஒருவரும் தேடவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கருவியின் சல்லடைக் கண் பெரிது. நம் மணி சிறிது. கீழே விழுந்துவிட்டது, அவ்வளவே. நாள்தோறும் வரும் தேடல்களில் 15 விழுக்காடு முன்னர் ஒருபோதும் வந்திராதவை என்று கூகுள் நிறுவனமே பலகால் கூறியுள்ளது. முன்பு வந்திராத தேடலை எந்தக் கருவி எண்ணி வைத்திருக்கும்?

ஆகவே விலைக்கருவியை ஒதுக்கிவிட்டுக் காசின்றிக் கிடைப்பனவற்றை முதலில் பாருங்கள். அவற்றுக்கும் குறைகள் உண்டு.

கூகுள் நிறுவனம் ‘கீவேர்டு பிளானர்’ என்று பெயரிட்டு 2013 முதல் நடத்திவரும் கருவி, விளம்பரம் தருவோர்க்காக அமைந்தது. அதனை ஊர் அளவுக்குக் குறுக்கிக்கொள்ளலாம் என்பது நமக்கு நன்மை. ஆயின் விளம்பரத்துக்குப் பணம் செலவிடாதவனுக்கு அது எண்ணைச் சொல்லாது. பத்து முதல் நூறு, நூறு முதல் ஆயிரம் என்று இடைவெளியை மட்டும் காட்டும். பத்துக்கும் நூற்றுக்கும் உள்ள தொலைவு சிறு வணிகனுக்கு வாழ்வுக்கும் வீழ்வுக்கும் உள்ள தொலைவு. அதில் ‘போட்டி’ என்றொரு நிரல் இருக்கும். பலர் அதனைப் பார்த்து அஞ்சுகின்றனர். அது விளம்பரம் தருவோர்க்கிடையே உள்ள போட்டியைக் குறிப்பது. நம் பக்கம் முன்னே வருவது அரிதா எளிதா என்பதோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை. மேலும், நெருங்கிய வடிவங்களை அக்கருவி ஒன்றாகச் சேர்த்து எண்ணுவதுண்டு. இது தமிழுக்கு எத்துணை இடர் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

‘டிரெண்ட்சு’ என்னும் மற்றொரு கருவி 2004 முதலான தேடற்போக்கைக் காட்டும். ஐந்து சொற்களை அருகருகே வைத்து ஒப்பிடலாம். அது தரும் 0 முதல் 100 வரையான எண் தேடல்களின் எண்ணிக்கையே அன்று. உச்சத்தை நூறாகக் கொண்ட ஒப்பளவு. அதில் ஒரு சொல்லை இடும்போது ‘சொல்’ என்றும் ‘தலைப்பு’ என்றும் இருவகை காட்டும். தலைப்பைத் தெரிந்தால் எல்லா மொழித் தேடலையும் ஒன்றாய்க் கலந்துவிடும். தமிழ்ச்சொல்லின் நிலையை அறிய விரும்புவோர் ‘சொல்’ என்பதனையே தெரிதல் வேண்டும்.

ஏற்கெனவே ஒரு வலைப்பக்கம் வைத்திருப்பவர்க்கு நான் முதலாவதாகச் சொல்வது ‘சர்ச்சு கன்சோல்’ என்பதனை. உம்முடைய பக்கம் எந்தெந்தச் சொல்லுக்குத் தேடலில் தோன்றியது, எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்பதை, 16 திங்கள் வரை பின்னோக்கிக் காட்டும். இங்கே மதிப்பீடு இல்லை. நிகழ்ந்தது நிகழ்ந்தவாறு நிற்கும். மிக அரிதாக வந்த தேடல்களைத் தேடினோரின் மறைவு கருதி ஒளித்துவிடும் என்பதொன்றே குறை.

இன்னொன்றைப் பலர் நினைப்பதில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதன் ஒவ்வொரு கட்டுரையும் ஒரு நாளில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்னும் கணக்கை 2015 சூலை முதல் எவரும் பார்க்கலாம். ‘சாமை’ என்னும் கட்டுரைக்கு எத்தனை பேர், ‘வரகு’ என்பதற்கு எத்தனை பேர் என்று பார்த்துக்கொள்ளலாம். எண்ணை ஒளிக்காத கணக்கு.

இனி நம் மொழியின் இயல்புக்கு வருவோம். கருவியைத் தெரிவதில் உண்மையான சிக்கல் இங்கேதான் உள்ளது.

எந்தக் கருவியாயினும் நான் அதற்கு இடும் முதற்சொல் ‘மரவள்ளிக்கிழங்கு’. வகுப்பில் ககர ஒற்றிட்டுச் சேர்த்தெழுதக் கற்பிக்கின்றோம். கைப்பேசியில் மக்கள் ‘மரவள்ளி கிழங்கு’ என்று பிரித்து ஒற்றை விட்டே அடிக்கின்றனர். தேர்வுத்தாளாயின் நான் சுழிப்பேன். தேடுவோனைச் சுழிக்க எனக்கு இடமில்லை. இவ்விரு வடிவத்தையும் வேறு வேறாக எண்ணிக் காட்டும் கருவியே நமக்கு வேண்டும். ஒன்றாகக் கலந்து காட்டினால், ஒற்றிட்டு எழுதுவோர் பெருகுகின்றனரா அருகுகின்றனரா என்பதையும் அறிய முடியாது.

அடுத்து உருபு. ஆங்கிலத்தில் இடம் உணர்த்தும் சொல் தனியே நிற்கும், பெயர்ச்சொல் உருமாறாது. நம் மொழியில் உருபு பெயரோடு ஒட்டும். ஒட்டுங்கால் பெயரின் ஈறும் திரியும். மரம், மரத்தில், மரத்தால் என்பன ஒரு பெயரின் வடிவங்கள் என்று நன்னூல் கற்ற மாணவன் அறிவான். மகர ஈறு கெட்டு அத்துச்சாரியை வந்தது என்று காரணமும் சொல்வான். ஆங்கிலத்துக்கென்று அமைந்த கருவி அவற்றை மூன்று தனிச்சொற்களாக எண்ணி, மூன்றுக்கும் சிறுசிறு எண்ணைக் கொடுத்து, ஒன்றும் பயனில்லை என்று தள்ளிவிடும். கூட்டிப் பார்ப்பது நம் வேலை.

ஊர்ப்பெயரும் அவ்வாறே. திருக்கோவலூர் என்பது நூல்வழக்கு. திருக்கோவிலூர் என்றும் திருக்கோயிலூர் என்றும் எழுதுகின்றனர். கல்வராயன் மலையைக் கல்ராயன் மலை என்பாரும் உளர். எல்லா வடிவத்தையும் இட்டுப் பார்த்த பின்னரே எண்ணிக்கையை நம்புக.

எழுத்தளவிலேயே மயக்கமுண்டு. ஔகாரக் குறியை இட வேண்டிய இடத்தில் ளகரத்தை அடிப்போர் பலர். எகரத்துக்கு மாற்றாக, தமிழெண் ஏழின் வடிவத்தை அறியாமல் இடுவோரும் உளர். கண்ணுக்கு எகரமாய்த் தெரிவது பொறிக்கு ஏழாகின்றது! 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிற்குப் பின் அரசு சில குறியாக்கங்களை ஏற்றது. 2010-இல் ஒருங்குகுறியை ஏற்றது. அதற்கு முற்பட்ட எழுத்துருக்களில் ஏற்றிவைத்த பக்கங்கள் தேடுபொறிக்குத் தமிழாகவே தெரியா. தனித்தமிழ் இதழ்களின் பழைய தாள்களை வெறும் படமாகப் பிடித்து ஏற்றிவிட்டு, ஏற்றிவிட்டோம் என்று மகிழ்வோரும் இதனைக் கருதுக. படத்தினுள் உறங்கும் சொல்லைத் தேடுபொறி எளிதில் காணாது. எழுத்தாக அடித்து ஏற்றினால் காணும்.

இவை அனைத்தினும் பெரிய இடர், தமிழை உரோமன் எழுத்தில் அடிக்கும் வழக்கம். ‘தேன்’ என்று உரோமன் எழுத்தில் அடித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘அப்பொழுது’ என்று பொருள்படும் சொல்லாய் அது நிற்கும்! மலைத்தேன் கேட்டவனுக்கு ஆங்கில இலக்கணம் வந்து சேரும். மலை, மாலை, மழை ஆகிய மூன்றும் பலர் அடிக்கும் முறையில் ஒன்றாகிவிடுகின்றன. கல்லும் கள்ளும் ஒன்றாகின்றன. இம்மாவட்டத்திற்கு அது எத்துணைப் பொல்லாத மயக்கம் என்று நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. லகர ளகர ழகரங்களைக் காத்தல் புலவரின் பிடிவாதம் என்று நகைத்தவர்கள் இதனைக் காண்க. வணிகனுக்கும் அது தேவைப்படுகின்றது. நல்வாய்ப்பாக 2017-இல் கூகுள் தமிழில் பேசித் தேடும் ஏந்தினை அளித்தது. எழுத்தடிக்கத் தயங்கும் மலைவாழ் முதியவர் வாயால் கேட்கும்போது தமிழ்ச்சொல் தமிழெழுத்தாகவே பொறியினுள் புகுகின்றது.

இப்பொழுது தனித்தமிழன்பர் பலரின் நெஞ்சை அரிக்கும் வினாவுக்கு வருகின்றேன். கருவி காட்டும் சொல் வடசொல்லாகவோ ஆங்கிலமாகவோ இருந்தால் என் செய்வது? மிகுதியாகத் தேடப்படும் சொல்லையே எழுதுக என்று வணிகர்க்கு அறிவுரை கூறுவோர் சொல்கின்றனர். அவர் சொல்லை அப்படியே ஏற்க என்னால் இயலாது.

மறைமலையடிகள் தனித்தமிழை மேற்கொண்ட 1916-இல் இத்தகைய கருவி ஒன்று இருந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ‘தலைவர்’ என்று எழுதலாமா என்று அதனைக் கேட்டிருந்தால், ‘அக்கிராசனர்’ என்று எழுதுக என்றிருக்கும். ‘வேட்பாளர்’ என்றால் சுழியம் காட்டி, ‘அபேட்சகர்’ என்பதற்கே ஆயிரம் காட்டியிருக்கும். ‘காரியதரிசி’க்கு முன் ‘செயலாளர்’ நின்றிருக்க முடியுமா? இன்றோ அக்கிராசனர் என்றால் மாணவன் விழிக்கின்றான். கருவி கடந்த திங்களை எண்ணுகின்றது. வரும் தலைமுறையை எண்ணும் ஆற்றல் அதற்கில்லை.

அதற்காக, மக்கள் இடும் சொல்லை அறியவே மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொள்வதும் தமிழ்த்தொண்டு ஆகாது. அடிகளாரின் மகளார் நீலாம்பிகை அம்மையார் வடசொல் தமிழ் அகரவரிசையைத் தொகுத்தார். அதன் அமைப்பை எண்ணிப் பாருங்கள். வடசொல்லை அகர வரிசையில் நிறுத்தி, நேரே தமிழ்ச்சொல்லை வைத்தார். படிப்பவன் தனக்குத் தெரிந்த வடசொல்லின் வழியே உள்ளே புகுவான். வெளியே வருங்கால் தமிழ்ச்சொல்லைக் கையில் கொண்டு வருவான். நாமும் அதனையே செய்யலாம். பக்கத்தின் தலைப்பிலும் உட்தலைப்பிலும் தமிழ்ச்சொல்லே நிற்கட்டும். மக்கள் இடும் அயற்சொல்லை ‘எனச் சிலர் வழங்கும்’ என்னும் அடையோடு உள்ளே ஒருமுறை தமிழெழுத்தில் வைக்கலாம். இதனைக் கறையென்று கருதுவோர் அம்மையாரின் நூலை மீண்டும் ஒருமுறை புரட்டுக.

இதனினும் நல்ல வழி ஒன்றுண்டு. கருவிகளைப் பார்த்துப் பார்த்து நான் கண்டது. ‘சிறுதானியம்’ என்றும் ‘மில்லட்’ என்றும் மக்கள் தேடுகின்றனர். நாம் ‘சிறுகூலம்’ என்று எழுதுகின்றோம். 2023-ஆம் ஆண்டை ஒன்றிய நாடுகள் அவை உலகச் சிறுகூல ஆண்டாக அறிவித்தபோதும் செய்தித்தாள்கள் நம் சொல்லை ஆளவில்லை. பொதுச்சொல்லில் நம் கை தாழ்ந்திருக்கின்றது. ஆனால் சாமை, தினை, வரகு, கேழ்வரகு, குதிரைவாலி என்று சிறப்புப் பெயருக்கு இறங்குங்கள். எல்லாம் தமிழ். மக்களும் அப்படியே தேடுகின்றனர். தேனிலும் அவ்வாறே: மலைத்தேன், கொம்புத்தேன், அடுக்குத்தேன், கொசுத்தேன் என்னும் வேறுபாடெல்லாம் மலைமக்கள் வாயில் வழங்கும் செந்தமிழ். ‘சிற்பம்’ வடசொல்லா தென்சொல்லா என்னும் வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. எடுத்தால் பொழுது விடிந்துவிடும். ஆயினும் தச்சனிடம் வருபவன் தேடுவது நிலைக்கதவு, தூண், ஊஞ்சல், தேக்கு, வாகை என்னும் பெயர்களை அல்லவா? அங்கே எவ்வழக்கும் இல்லை.

பொதுச்சொல்லைத் தேடுபவன் பெரும்பாலும் அறிந்துகொள்ள வருகின்றான். சிறப்புச்சொல்லை இடுபவனே வாங்க வருகின்றான். ஆகவே வணிகனுக்கும் தமிழுக்கும் நலம் ஒரே இடத்தில் அமைந்திருக்கின்றது. அவ்விடத்தைத்தான் விலைக்கருவிகளின் பெரிய சல்லடை ஒழுகவிடுகின்றது. சிறிய எண்ணைக் காட்டும் கருவியைக் கொள்க, பெரிய எண்ணை மட்டும் காட்டுவதைத் தள்ளுக என்று நான் கூறுவது இது பற்றியே.

பெரிய எண் எவ்வாறு ஏய்க்கும் என்பதற்குத் தொலைவு போக வேண்டா. 2024 சூனில் இந்நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. அதனையொட்டி மலையில் சாராயம் காய்ச்சுவது பற்றிய பேச்சு எழுந்தது. அதே ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலைமக்களின் அடிப்படைத் தேவைகள் குறித்து வழக்கெடுத்தது. அந்நாள்களில் நம் ஊரின் பெயரையும் மலையின் பெயரையும் இட்டவன் கதவையோ தேனையோ தேடியிருப்பானா? பன்னிரண்டு திங்கள் தேடலைக் கூட்டிப் பகுத்து ஓர் எண்ணாகத் தரும் கருவி இத்துயரையும் வணிக வாய்ப்பாகவே காட்டும். திங்கள்வாரியாகப் போக்கைக் காட்டும் கருவியில் மட்டுமே அந்த மேடு எப்போது எழுந்தது என்று தெரியும். எண்ணைப் பார்த்தவுடன் நாளையும் பார்க்க வேண்டும். மலைமக்கள் தம் பெயரால் எழுதிய பக்கங்கள் சிலவேனும் இருந்திருந்தால், அந்நாள்களில் மலையின் பெயரை இட்டவர்கள் சாமை விதைக்கும் கையையும் கண்டிருப்பர். பிறர் எழுதிய செய்தியே அம்மலைக்கு இன்று முகமாகிவிட்டது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

செய்முறை எளிது. முதலில் கருவியைத் திறக்காதீர்கள். வெள்ளிமலைச் சந்தையில் விற்போரும் வாங்குவோரும் ஒரு பொருளை என்ன பெயரிட்டுக் கேட்கின்றனர் என்று கேட்டு எழுதுங்கள். பிறகு தேடுபொறியின் பெட்டியில் அப்பெயரின் முற்பகுதியை மட்டும் இட்டு நிறுத்துங்கள். மக்கள் எவ்வாறு முடிக்கின்றனர் என்பதை அதுவே கீழே காட்டும். அதன்பின் போக்கையும், ஊரளவான இடைவெளியையும் பாருங்கள். பக்கம் எழுதி ஏற்றிய மூன்று திங்களுக்குப் பின் உங்கள் பக்கத்துக்கு உண்மையாக வந்த சொற்களைப் பார்த்துத் திருத்துங்கள். விலைக்கருவி வேண்டுமாயின், ஆயிரக்கணக்கான பொருள்களை அயல்நாடுகளுக்கு ஆங்கிலத்தில் விற்கும் நிலை வந்த பின்னர் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு நான் தடை சொல்லேன்.

வரும் திங்கள் மீண்டும் கூடும்போது, மலைப்பக்கத்து மாணவர்கள் தேன், கூலம், காய்களுக்கு அங்கே வழங்கும் பெயர்களையும், நகர் மாணவர்கள் தச்சுப்பட்டறையில் மரத்துக்கும் உளிக்கும் வேலைப்பாட்டுக்கும் வழங்கும் பெயர்களையும் ஏட்டில் எழுதிக் கொண்டுவருக. ஒவ்வொன்றையும் ஒற்றிட்டும், ஒற்றின்றியும், உரோமன் எழுத்திலும் இட்டு, கிடைத்த எண்ணை எதிரே குறிப்போம். கணினி ஒன்று போதும், தாலர் வேண்டா.